ஒரே காட்டில் சைக்கிளும் துப்பாக்கியும்: அமெரிக்கப் பொதுக்காடுகளில் யாருக்கு எப்போது எங்கே இடம்?

கொலராடோ மாநிலத்தின் டென்வர் பக்கம் வேலைக்கு வந்து சேர்ந்த தம்பி ஒருவர், ஓர் அக்டோபர் சனிக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்தார். ஆசை ஆசையாக மவுண்டன் பைக், அதாவது மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள் வாங்கி, அன்றுதான் முதன்முதலாகத் தேசிய வனத்துக்குள் ஓட்டப் போயிருந்தார். பாதை தொடங்கும் இடத்தில் நான்கைந்து பிக்கப் வண்டிகள். ஆரஞ்சுச் சட்டை போட்டவர்கள் ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்கிறார்கள். “அண்ணா, இது கள்ள வேட்டையா? போலீசுக்குச் சொல்லணுமா?” குரலில் நடுக்கம் தெரிந்தது.

அவர் கேட்டதில் தவறில்லை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த நமக்கு, காட்டில் துப்பாக்கி என்றாலே குற்றம். இங்கே கதை வேறு. வேட்டையாடுவது, காகிதக் குறியை நட்டு வைத்துச் சுட்டுப் பழகுவது, சைக்கிள் ஓட்டுவது மூன்றுமே தேசிய வனத்தின் பெரும்பகுதியில் சட்டப்படி நடப்பவைதான். ஒரே காட்டில், சில சமயம் ஒரே காலையில்.

சைக்கிள் ஓட்டுபவர்களைக் கேட்டால், துப்பாக்கிக்காரர்கள் காட்டைப் பிடித்துக்கொண்டார்கள் என்பார்கள். வேட்டைக்காரர்களைக் கேட்டால், சைக்கிள் வந்த பிறகு மான் கண்ணில் படுவதில்லை என்பார்கள். இரண்டும் பாதி புரிந்த பேச்சு. புதிதாக வருபவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டு ஒன்று தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருக்கிறார்கள். அதனால்தான் அடியிலிருந்து ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

## முதலில் ஒரு கண்மாய்

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அது பாசனத்துக்கு. தண்ணீர் இறங்கியதும் மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கு. கோடையில் வண்டல் அள்ளுபவருக்கும், மாடு மேய்ப்பவருக்கும், உள்வாயில் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கும். கண்மாய் ஒன்றுதான். ஒருவர் மாற்றி ஒருவர் வருவதால் அது எல்லாருக்கும் போதுமானதாக இருக்கிறது. சண்டை வருவது எப்போது? மீன் பிடிக்கிற நாளில் ஒருவர் மாட்டை இறக்கிக் குளிப்பாட்டினால். அதாவது, காலம் அல்லது இடம் மோதும்போது.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். கரையும் மடையும் ஒரு துறையின் பொறுப்பு. அதிலுள்ள மீனை ஏலம் விடும் உரிமை பல ஊர்களில் வேறு கையில்.

அமெரிக்கத் தேசிய வனம் கிட்டத்தட்ட இந்தக் கண்மாய்தான். நிலம் மத்திய அரசினுடையது. விவசாயத் துறையின் கீழ் 1905-இல் உருவான வனச் சேவை அதைப் பார்த்துக்கொள்கிறது. மொத்தம் சுமார் 19.3 கோடி ஏக்கர், அதாவது தமிழ்நாட்டைப்போல ஆறு மடங்கு. ஆனால் அந்த நிலத்தில் ஓடும் மானும், எல்க் என்ற பெரிய மான் இனமும் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. எந்தத் தேதியில் எதை, எத்தனை வேட்டையாடலாம் என்று சொல்வது மாநிலக் காட்டுயிர்த் துறை. ஆகவே கொலராடோவின் விதி வேறு, பென்சில்வேனியாவின் விதி வேறு. “தேசிய வனத்தில் வேட்டைக் காலம் எப்போது?” என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பங்கீட்டுக்குச் சட்டப் பெயர் உண்டு: பல்பயன்பாடு. ஒரே நிலத்தைப் பல தேவைகளுக்குச் சேர்த்து நிர்வகிப்பது என்று பொருள். 1960-இல் வந்த சட்டம் ஐந்து தேவைகளைச் சொல்கிறது: வெளிப்புறப் பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர்ப்பிடிப்பு, காட்டுயிரும் மீனும். சைக்கிளும் துப்பாக்கியும் அந்தப் பட்டியலில் எதிரெதிராக இல்லை. ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

## எல்லாப் பச்சையும் ஒன்றல்ல

வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒரே வகைக் காடு என்று நினைப்பது அடுத்த குழப்பம். தேசியப் பூங்கா வேறு, தேசிய வனம் வேறு. யெல்லோஸ்டோன் போன்ற பூங்காக்களில் பொதுவாக வேட்டை கிடையாது. தேசிய வனத்தில் உண்டு. நில மேலாண்மைப் பணியகம் என்ற இன்னொரு மத்திய அமைப்பின் நிலங்களிலும் உண்டு.

தேசிய வனத்துக்கு உள்ளேயே வில்டர்னஸ் என்று தனியாகக் குறிக்கப்பட்ட பகுதிகளும் இருக்கின்றன. 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இயந்திரப் போக்குவரத்துக்கு இடமில்லை, சைக்கிளும் அதில் அடக்கம். ஆனால் வேட்டைக்காரர் நடந்தோ குதிரையிலோ உள்ளே போகலாம், வேட்டையாடலாம். “சைக்கிளுக்குத் தடை, துப்பாக்கிக்கு அனுமதியா?” என்று பலர் கொதித்துப்போவது இங்கேதான். அந்தச் சட்டம் பார்ப்பது எதில் ஏறி உள்ளே வருகிறீர்கள் என்பதை. கையில் என்ன இருக்கிறது என்பதை அல்ல.

## துப்பாக்கி வைத்திருப்பவர் இரண்டு வகை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டைக்காரர் என்பவர் உரிமம் வாங்கி, குறிப்பிட்ட விலங்கை, குறிப்பிட்ட பருவத்தில் தேடிப் போகிறவர். அவருக்குப் பயிற்சி கட்டாயம். கொலராடோவில் 1949 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் வேட்டைப் பாதுகாப்புப் படிப்பை முடிக்காமல் உரிமம் வாங்க முடியாது. அவர் நாள் முழுக்க அமைதியாக நடப்பார், அல்லது ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு பருவத்தில் அவர் சுடுவது ஒன்றிரண்டு தோட்டாவாக இருக்கலாம். ஒன்றுகூடச் சுடாமல் வீடு திரும்புவதும் சாதாரணம்.

குறி சுடுபவர் வேறு. காகிதத்தையோ இரும்புத் தட்டையோ நட்டு வைத்துச் சுட்டுப் பழகுகிறவர். வனத்தில் இதற்குப் பருவம் கிடையாது, வேட்டை உரிமம் தேவையில்லை, பயிற்சிச் சான்றிதழும் பொதுவாகத் தேவையில்லை. நெடுநாள் பழகிய, மிகக் கவனமான ஆளாக இருக்கலாம். நேற்றுத்தான் துப்பாக்கி வாங்கியவராகவும் இருக்கலாம். ஒரு மதியத்தில் நூற்றுக்கணக்கான தோட்டாக்களை, ஒரே இடத்திலிருந்து, ஒரே திசையில் சுடுவார்.

ஆக, ஒருவர் நகர்கிறார். ஆனால் அவருக்குத் தேதி உண்டு. மற்றவருக்குத் தேதி இல்லை, ஆனால் நகர்வதில்லை. அதனால் வேட்டைக்காரரோடு காட்டைப் பகிர்ந்துகொள்ள நாள்காட்டி வேண்டும், குறி சுடுபவரோடு பகிர்ந்துகொள்ள வரைபடம் வேண்டும். இருவரையும் ‘துப்பாக்கிக்காரர்கள்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் இரண்டுமே கைநழுவிவிடும்.

## நாள்காட்டி எப்படி வேலை செய்கிறது

கொலராடோவை எடுத்துக்கொள்வோம். எல்க், மான் வேட்டையில் செப்டம்பர் மாதம் பெரும்பாலும் வில்லாளிகளுக்கு. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை நான்கு ரைபிள் பருவங்கள், நடுவில் சிறு இடைவெளிகள். சட்டப்படி வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரைமணி முன் தொடங்கி, மறைந்து அரைமணி வரை. மானும் எல்க்கும் அதிகம் நடமாடுவது விடியற்காலையிலும் அந்தியிலும் என்பதால், வேட்டைக்காரர்களும் அந்த நேரத்தில்தான் மும்முரமாக இருப்பார்கள். வெளிச்சமும் அப்போதுதான் மங்கல். காலை பத்து மணியிலிருந்து மதியம் மூன்று வரை காடு கொஞ்சம் ஓய்கிறது. ரைபிள் பருவத்தில் சைக்கிளுக்கு ஏற்ற நேரம் அது.

கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குத் தடை நெடுங்காலம் இருந்தது. சைக்கிள் ஓட்டுபவர்கள் ஞாயிறு நமக்கு என்று பழகிவிட்டார்கள். பென்சில்வேனியாவில் அந்தப் பழக்கம் செல்லாது: 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று ஞாயிறுகளைத் திறந்தது, 2025-இல் இன்னும் விரிவாகத் திறந்துவிட்டார்கள். பழைய நம்பிக்கையில் கிளம்பாமல் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மாநிலத் துறையின் அறிவிப்பைப் பார்ப்பது நல்லது.

வேட்டைக்காரரால் ஆபத்து எப்படி வருகிறது? பெரும்பாலும் கண் ஏமாறுவதால். கரடியைத் தேடிக்கொண்டிருக்கும் கண், மூட்டத்தில் அசைகிற எதையும் கரடியாக்கிவிடும். 2008 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் சாக் மலையில், பலரும் நடக்கும் பாதையில் இருந்த ஒரு பெண்ணைக் கரடி என்று நினைத்து 14 வயதுச் சிறுவன் சுட்டுவிட்டான், அவர் இறந்துபோனார். வேட்டைப் படிப்பில் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று: குறி எது, குறிக்குப் பின்னால் இருப்பது எது என்று உறுதியாகத் தெரியாமல் விசையைத் தொடாதே. அந்தப் பாடம் தவறுகிற இடத்தில்தான் உயிர் போகிறது.

## ஏன் அந்த ஆரஞ்சு?

கண் ஏமாறாமல் இருக்கத்தான் ஆரஞ்சு. மனிதக் கண்ணில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. சிவப்புப் பக்கத்து நிறங்களைப் பிரித்தறியும் வகை அதற்கு இல்லை. நமக்குக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, மானுக்கு மங்கிய ஏதோ ஒரு நிறம். மனிதருக்கு மட்டும் கேட்கும் ஒலிபெருக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலராடோவில் ரைபிள் வேட்டைக்காரர் இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும், தலையிலும் வேண்டும். சைக்கிள் ஓட்டுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அணியுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். சைக்கிளில் குனிந்து ஓட்டும்போது மார்பு தெரியாது, முதுகுதான் தெரியும். முதுகில் பை இருந்தால் உள்ளே போட்ட ஆரஞ்சுச் சட்டை முழுக்க மறைந்துவிடும். ஆகவே பைக்கு மேல் ஆரஞ்சு உறை, தலைக்கவசத்துக்கு ஆரஞ்சு உறை, கூட நாய் வந்தால் அதற்கும் ஓர் ஆரஞ்சு அங்கி. பழுப்பையும் வெள்ளையையும் அந்த மாதங்களில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெள்ளைவால் மான் ஓடும்போது முதலில் தெரிவது அதன் வெள்ளை வால்தான்.

ஆரஞ்சு கவசமும் அல்ல. 2018 அக்டோபரில் பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஒரு மவுண்டன் பைக் ஓட்டுநர் வேட்டைக்காரரின் குண்டுபட்டு இறந்தபோது, நன்றாகத் தெரியும் வண்ண உடையும் தலைக்கவசமும்தான் அணிந்திருந்தார். நேரத்தையும் இடத்தையும் பார்த்துப் போவது முதல் காவல். நிறம் அதற்கு அடுத்தது.

இதுவரை: நிலம் மத்திய அரசிடம், விலங்கு மாநிலத்திடம். வேட்டைக்காரருக்குப் பருவம், உரிமம், பயிற்சி உண்டு. அவரால் வரும் ஆபத்து கண் ஏமாறுவதில் இருக்கிறது. தேதியும் நேரமும் நிறமும் அதைக் குறைக்கின்றன. குறி சுடுபவரின் விஷயத்தில் ஆபத்து வேறு வழியாக வருகிறது.

## வரைபடம் எப்படி வேலை செய்கிறது

குறி சுடுபவர் உங்களை மானாக நினைக்கப் போவதில்லை. அவர் உங்களைப் பார்க்கவே போவதில்லை, அதுதான் சிக்கல்.

அடிப்படை மிக எளிது. காகிதம் குண்டை நிறுத்தாது. குறிக்குப் பின்னால் இருப்பதுதான் நிறுத்த வேண்டும். அந்த மண்மேட்டுக்கோ சரிவுக்கோ பேக்ஸ்டாப் என்று பெயர். அது உயரமாக, மென்மையான மண்ணாக இருந்தால் குண்டு உள்ளே புதைந்துவிடும். வெறும் புதரையோ மேட்டின் உச்சியையோ பார்த்துச் சுட்டால் குண்டு போய்க்கொண்டே இருக்கும். சிறுவர்கள் சுட்டுப் பழகும் 22 காலிபர் தோட்டாவே ஒன்றரை மைல், அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. அதன் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். வேட்டை ரைபிளின் தோட்டா 4 கிலோமீட்டரையும் தாண்டலாம். பாறையிலோ தண்ணீரிலோ சாய்வாகப் பட்டால் தெறித்துத் திசை மாறும். குளத்தில் தட்டைக் கல்லை வீசித் தத்தித் தத்திப் போக விட்டிருப்பீர்களே, அதேதான்.

ரைபிள் தோட்டா துப்பாக்கியை விட்டுப் புறப்படும்போது ஒலியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேகம். சில நூறு மீட்டர் தொலைவில் இருப்பவருக்குச் சத்தம் கேட்குமுன்பே குண்டு கடந்துபோயிருக்கும். ஆகவே “சத்தம் கேட்டால் குனிந்துகொள்ளலாம்” என்பது உதவாத யோசனை.

இங்கேதான் சைக்கிளின் வேகம் கணக்குக்குள் வருகிறது, பலரும் இதை யோசிப்பதில்லை. நல்ல பழக்கமுள்ள குறி சுடுபவர், சுடும் முன் நிமிர்ந்து சுற்றிலும் பார்ப்பார். ஆள் இல்லை என்று உறுதியானதும் குனிந்து துப்பாக்கியின் மேல் பொருத்திய தொலைநோக்கிக்குள் கண்ணை வைப்பார். அதற்குள் தெரிவது நூறு மீட்டர் தொலைவில் சில மீட்டர் அகலம் மட்டும். மூச்சை அடக்கி, குறியை நிறுத்தி, விசையை அழுத்தப் பத்து விநாடி ஆகலாம். நடந்து வருபவர் அந்தப் பத்து விநாடியில் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர்தான் நகர்ந்திருப்பார். அவர் வருவது முன்பே கண்ணில் பட்டிருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சைக்கிள் 80 மீட்டரைத் தாண்டியிருக்கும். அவர் பார்த்தபோது மரங்களுக்குப் பின்னால் இருந்த நீங்கள், அவர் சுடும்போது குண்டின் வழியில் இருக்கலாம். இருவருமே தவறு செய்யாமல் ஒரு விபத்து நடக்க இது போதும்.

ஆகவே நல்ல மனம் மட்டும் போதாது, இடம் பிரிய வேண்டும். கொலராடோவின் அரப்பாஹோ, ரூஸ்வெல்ட் தேசிய வனங்களில் 2019-இல் எடுத்த முடிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீடுகளும் பாதைகளும் நெருங்கிவிட்ட பகுதிகளைக் குறி சுடுதலுக்கு மூடினார்கள். அதே பகுதிகளில் வேட்டைக்கு அந்தத் தடை இல்லை. இரண்டும் ஒன்றென்று நினைப்பவருக்கு இது முரணாகத் தெரியும்; வேறென்று புரிந்தவருக்கு இதைவிடச் சரியான முடிவு வேறில்லை.

தனியிடம் கட்டிக்கொடுப்பது இன்னும் நல்லது. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம், தகுதியுள்ள ஒவ்வொரு தேசிய வனத்திலும் குறைந்தது ஒரு சுடுதளமாவது இருக்க வேண்டும் என்கிறது. சைக்கிள் ஓட்டுபவர்கள் இதை எதிர்க்கக் கூடாது, வரவேற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சரியான மண்மேட்டோடு ஒரு தளம் இருந்தால், பாதையோரத்துப் பழைய கிராவல் குழிகளில் சுடுபவர்கள் அங்கே போவார்கள். ‘அவர்களுக்கு ஏன் வசதி’ என்று கேட்பவர்கள், அந்தக் குழிக்குப் பின்னால் ஓடும் தங்கள் பாதையை மறந்துவிடுகிறார்கள்.

## 150 கெஜ விதி சொல்வதும் சொல்லாததும்

“பாதையிலிருந்து 150 கெஜத்துக்குள் சுடக்கூடாது” என்று பலர் நிச்சயமாகச் சொல்வார்கள். மத்திய விதியில் இருப்பது வேறு. வீடு, கட்டடம், முகாமிடம், வசதிகள் அமைத்த பொழுதுபோக்கு இடம், ஆட்கள் இருக்கும் பகுதி ஆகியவற்றிலிருந்து 150 கெஜத்துக்குள், அதாவது சுமார் 137 மீட்டருக்குள் சுடக்கூடாது. வனச் சாலையின் மேலோ குறுக்காகவோ சுடக்கூடாது. ஒற்றையடிச் சைக்கிள் பாதை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை.

அதற்காகப் பாதையோரத்தில் எப்படியும் சுடலாம் என்றும் ஆகிவிடாது. யாருக்கும் காயமோ சேதமோ ஏற்படக்கூடிய விதத்திலும் இடத்திலும் சுடுவது குற்றம் என்று அதே விதி சொல்கிறது. வழக்கு வந்தால் அந்த வாசகம் உதவும். ஆனால் ‘137 மீட்டர் வரை எனக்குப் பாதுகாப்பு’ என்று நம்பி ஓட்டாதீர்கள். இரண்டு கிலோமீட்டர் போகும் தோட்டாவுக்கு முன்னால் 137 மீட்டர் ஒன்றுமில்லை. மாநில விதிகளும் உள்ளூர் உத்தரவுகளும் கூடுதலாக இருக்கலாம், அந்தந்த வன அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

## வேட்டைக்காரரின் வருத்தமும் நியாயமானதுதான்

சைக்கிள் பக்கம் நின்றே எழுதுகிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல பகுதிகளில் எல்க் வேட்டைக்கான அனுமதி குலுக்கலில்தான் கிடைக்கும். கொலராடோவில் குலுக்கலில் முன்னுரிமை தரும் புள்ளிகளை வருடக்கணக்காகச் சேர்த்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் மூன்று மணிக்கு எழுந்து, பனியில் நடந்து, காற்றின் திசை பார்த்து உட்கார்ந்தவருக்கு முன்னால், விடியும் நேரத்தில் நான்கு சைக்கிள்கள் கத்திக்கொண்டு இறங்கினால் அன்றைய நாள் முடிந்தது. அவருக்கு அடுத்த வாய்ப்பு எந்த வருடமோ.

சைக்கிள் விலங்குகளைத் தொந்தரவு செய்யாது என்று நாம் சொல்லிக்கொள்வதும் உண்மையில்லை. ஒரேகானின் ஸ்டார்க்கி சோதனை வனத்தில் எல்க்குகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி மாட்டிப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான முடிவுகளின்படி, நான்கு சக்கர மோட்டார் வண்டிக்கு அடுத்தபடியாக எல்க் விலகிப்போவது சைக்கிளிடமிருந்துதான். நடப்பவரையும் குதிரையில் வருபவரையும் அது அதைவிடப் பொறுத்துக்கொள்கிறது.

பணம் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைபிள், தோட்டா விற்பனையில் 11 சதவீதமும் கைத்துப்பாக்கியில் 10 சதவீதமும் வரியாகப் போய், மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்கும் சுடுதளங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. சைக்கிளுக்கு அப்படி ஒரு வரி இல்லை. நாம் கொடுப்பது உழைப்பு: மண்வெட்டியோடு போய்ப் பாதை வெட்டுவது, விழுந்த மரம் அகற்றுவது. அதுவும் பெரியதுதான். ஆனால் வேட்டைக்காரர் “இந்த எல்க் கூட்டத்துக்கு நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம்” என்று சொன்னால், அது வெறும் வீம்பு அல்ல.

அப்புறம், வேட்டையை வேண்டுமென்றே குலைப்பது ஐம்பது மாநிலங்களிலும் குற்றம். பாதையில் சாதாரணமாக ஓட்டிப் போவது அதில் வராது. சத்தம் போட்டு மானை விரட்டினால் வரும். வில்லாளி ஒருவரைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து, பேச்சை நிறுத்திக் கடந்துபோனாலே போதும்.

## பாதையில் எதிர்ப்படும்போது

ஒன்றிரண்டு வெடிச்சத்தம், பிறகு நீண்ட அமைதி என்றால் அநேகமாக வேட்டை. விட்டுவிட்டுத் தொடர்ந்து சத்தம் வந்தால் குறி சுடுகிறார்கள். இரண்டாவது வகை என்றால் நில்லுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பாதை அடுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அவர்கள் சுடும் திசையில் பாதை போகிறது என்று சந்தேகம் வந்தாலே திரும்பிவிடுங்கள். கடந்துதான் ஆக வேண்டும் என்றால் பின்பக்கமாகப் போங்கள், சுடுவது நின்ற இடைவெளியில் உரக்கக் குரல் கொடுங்கள், அவர்கள் திரும்பிப் பார்த்துத் துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு கிட்டே போங்கள். காதில் ஒலித்தடுப்பு மாட்டியிருப்பார்கள், சைக்கிள் மணி அவர்களுக்குக் கேட்காது.

வேட்டைக்காரர் என்றால் இன்னும் எளிது. மணி அடித்துக்கொண்டே போகலாம், நின்று வணக்கம் சொல்லலாம், எந்தப் பக்கம் போகிறார்கள் என்று கேட்கலாம். தங்கள் நல்ல இடத்தைச் சொல்ல மாட்டார்கள். பொதுவான திசையைச் சொல்வார்கள்.

அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். போனை வைக்காமலேயே போய்க் கேட்டார். அவர்களில் வயதான ஒருவர் வரைபடத்தை விரித்து, நாங்கள் வடக்கு மேட்டில் இருப்போம், பதினொரு மணிக்கு இறங்கிவிடுவோம், தெற்கு வளையத்தில் ஓட்டு, ஆனால் இந்தச் சாம்பல் நிறச் சட்டையோடு போகாதே என்றாராம். தம்பி ஊருக்குள் திரும்பி ஒரு கடையில் ஆரஞ்சு அங்கி வாங்கிப் போட்டுக்கொண்டு, பத்தரை மணிக்குத் தெற்கு வளையத்தில் ஏறினார்.